காரணம்: ஒன்று

புனிதமலர் படிவத்தைக் கையில் வாங்கவில்லை. "நீங்களே வாசியுங்கோ டொக்டர்," என்றாள். "என்ர மனுசனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறியள் எண்டு உங்கட வாயால வாசியுங்கோ."

கௌசலா வாசித்தாள். பெயர் கொலின்ஸ். வயது நாற்பத்தொன்று. தொழில் களப்பு மீன்பிடி. நோய் மாரடைப்பு. நெஞ்சுநோ தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம் ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். சிகிச்சைக்கு முன் மரணம். தாமதத்துக்கான காரணம்: ஒன்று.

"ஒண்டு எண்டா?"

அந்தப் படிவத்தை உருவாக்கியவளே கௌசலாதான். அதில் மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவது, முதலில் நாட்டு வைத்தியரிடம் போனது. இரண்டாவது, வீட்டிலிருந்து வர வாகனம் கிடைக்காதது. முதலாவதைப் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நோயாளியின்ர அறியாமை."

புனிதமலர் சத்தம் போடவில்லை. வீட்டுக்குள் போய்க் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இதய வைத்திய நிபுணர் கௌசலா துணுக்காய்க் கமக்காரர் ஒருவரின் மகள். தகப்பன் நல்லதம்பி ஐம்பத்திரண்டு வயதில் வயல் வரம்பில் விழுந்து செத்தபோது அவள் மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம். அதன்பிறகு அவளுக்கு இதயத்தைத் தவிர வேறொன்றிலும் நாட்டம் போகவில்லை. முதலில் இதயத்துடிப்புக் கோளாறுகளை ஆராய்ந்தாள். குழாய் அடைபட்ட இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இங்கிலாந்தில் மூன்று வருடம் படித்தாள். பிறகு வன்னிக்குத் திரும்பி வந்து, இங்குள்ளவர்கள் மாரடைப்பால் ஏன் இவ்வளவு இளவயதில் சாகிறார்கள் என்று பதினொரு வருடமாகத் தகவல் சேர்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதை வைத்து ஏழு வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரைக்கு விருது கிடைத்தது. வெளிநாட்டு மாநாடுகளில் அவளை முன்வரிசையில் இருத்தினார்கள்.

இப்போது ஆய்வின் இரண்டாம் கட்டம். தகவல் சேர்க்கப் போன பிள்ளை, கடற்கரைப் பக்கத்தில் ஒரு பெண் படிவத்தைப் பறித்துப் பார்த்துவிட்டு, பெரிய டொக்டர் வந்தால்தான் இனிக் கதைப்பேன் என்று படலையைச் சாத்திவிட்டதாகச் சொன்னாள். அரை மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் கௌசலா வந்திருந்தாள்.

புனிதமலர் கைபேசியில் அன்றைக்குத் தமக்கைக்கு எடுத்த அழைப்புகளை நேரத்தோடு ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாலு மாதமாக எதையும் அழிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், எட்டு இருபதுக்கு, கொலின்ஸ் ரோட்டோரம் குந்திவிட்டான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இடக்கை செத்துப்போச்சு என்றான். வாய்வாக இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். அவன் இல்லை என்றான். இது நெஞ்சு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். பக்கத்து வீட்டு ஓட்டோவில் எட்டு ஐம்பதுக்குக் கிராமத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டொக்டர் லீவு. ஈசிஜி எடுக்கும் இயந்திரத்துக்குக் கடதாசி முடிந்திருந்தது. வயிற்றெரிவுக்கு ஒரு வெள்ளைப் பாணி கொடுத்து வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. அது திரும்பி வந்தபோது ஒன்று நாற்பது. ரெண்டேகாலுக்கு வழியில் அவனுடைய கை அவள் மடியில் ஒருமுறை உதறி நின்றது. அந்த அம்புலன்ஸில் மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரமும் இல்லை.

"அரை மணித்தியாலத்தில நாங்கள் ஆஸ்பத்திரியில நிண்டனாங்கள்," என்றாள் புனிதமலர். "அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருந்தது. மிச்ச அஞ்சரை மணித்தியாலமும் ஆரின்ர அறியாமை, டொக்டர்?"

கௌசலா படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் வேலை முடிந்ததும் பழைய படிவங்களை இறக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், முதலாவது ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்த நேரம் எழுதப்பட்டிருந்தது. கேட்கச் சொன்னவளும் அவளே, ஒருநாளும் எண்ணிப் பார்க்காதவளும் அவளே. இப்போது எண்ணினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்று எழுபத்தொரு பேர் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஏதோவொரு ஆஸ்பத்திரிக்குள் வந்திருந்தார்கள். வந்து, வாங்குகளில் காத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் காரணம் ஒன்று. படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் இருந்தது: வேறு காரணம் பொருந்தாவிட்டால் ஒன்று எனக் குறிக்கவும். இங்கிலாந்தில் சூடாக்கிய அறையொன்றில், யன்னலுக்கு வெளியே பனி கொட்ட, அந்த வரியைத் தட்டச்சு செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது வெறும் வசதியாகத்தான் பட்டது. மேசையில் கிடந்த விருதுக் கேடயத்தைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் கை பரபரத்தது. அடித்தால் அதுவும் ஒரு நடிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது ஆத்திரம் இன்னும் கூடியது.

புதிய கணக்கோடு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஊசிமருந்தும் இயந்திரங்களும் வேண்டும் என்றாள். பணிப்பாளர் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். இதே கோரிக்கையைக் கிராமத்து வைத்தியர்கள் ஆறு வருடத்துக்கு முன்னரே எழுதி அனுப்பியிருந்தார்களாம். நிராகரித்த கடிதத்தில் கௌசலாவின் கட்டுரையிலிருந்து இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. சனம் பிந்தி வருகிறது. மருந்து பாவிக்கப்படாமல் காலாவதியாகும். அதனால் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளே போதும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"அறியாமைதான் பிரதான காரணம் எண்டு எழுதினது நீங்கள்தானே டொக்டர்?"

"ஓம். நான்தான் எழுதினன். பிழையா எழுதினன்."

"அப்ப நாங்கள் எதை நம்புறது?"

அந்த மனிதர் நையாண்டி செய்யவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தச் சந்திப்புக்கு அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் நடராசாவும் வந்திருந்தார். விறாந்தையில் அவளை மறித்து, சஞ்சிகைக்கு ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினால் போதும், அடிக்குறிப்பாகப் போட்டுவிடுவார்கள் என்றார். கட்டுரையையே மீளப்பெற்றால் இரண்டாம் கட்டம் நின்றுவிடும், பேராசிரியர் பதவிக்கான நேர்முகமும் அடுத்த மாதம்தான் என்று ஞாபகப்படுத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு ஈசிஜி வாசிக்கப் பழக்கியவர்.

"நீர் கோவத்தில நிக்கிறீர், கௌசலா. கோவத்தில எழுதாதையும்."

"கோவம் வராம எழுதினதுதான் சேர் அந்தக் கட்டுரை."

அன்று பின்னேரமே கடிதத்தை அனுப்பினாள். கட்டுரையை மீளப்பெறுகிறேன், தவறு முழுவதும் என்னுடையது என்று நாலு வரி. இரண்டாம் கட்டம் நிறுத்தப்பட்டது. நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. ஊசிமருந்து பற்றிய கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் மட்டும் வந்தது.

அதன்பிறகு ஒரு காலையில் புனிதமலரிடம் போனாள். அவள் கடற்கரையில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். கௌசலா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, தான் மன்னிப்புக்காக வந்திருப்பது அவளுக்கு விளங்கியது. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

புனிதமலர் நிமிராமல் மீனைப் புரட்டினாள். "உங்கட பேரை நீங்கள் வெட்டினது உங்கட பாடு. இப்ப, இந்த நேரம், இங்க ஒருத்தருக்கு நெஞ்சு நொந்தா அந்த ஊசி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப போயிட்டு வாங்கோ, டொக்டர். எனக்கு வேலை கிடக்கு."

கௌசலா வாகனத்தை நோக்கி நடந்தாள். சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேருக்கு மேல், கயிற்றை இடுப்பில் வளைத்துப் பின்னால் சாய்ந்து, மணலில் குதிக்கால் புதைய, அடி அடியாக வந்தார்கள். வெற்றுடம்புகள் வெயிலில் மினுங்கின. தன்னையறியாமல் அவள் வயதுகளைக் கணித்தாள். முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தாறு. அப்போது நடுவில் நின்ற ஒருவன் கயிற்றை விட்டுவிட்டு மணலில் பொத்தென்று குந்தினான்.

அவள் ஓடத் தொடங்கிவிட்டாள். செருப்பு ஒன்று மணலில் கழன்றது. பாதி வழியில்தான், தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. வாகனத்தில் இருந்தது ஒரு போத்தல் தண்ணீரும் வெற்றுப் படிவக்கட்டும்தான். ஆனாலும் ஓடினாள்.

அவன் தன் குதிக்காலைத் தூக்கி மடியில் வைத்து, குத்தியிருந்த சிப்பித் துண்டைப் பிடுங்கி எறிந்தான். மூச்சிரைக்க முன்னால் வந்து நின்ற பெண்ணைப் புரியாமல் அண்ணாந்து பார்த்தான். பிறகு எழும்பி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.