ஷூ பாலிஷ் பூசிய தட்டுகள்

என் டிரம்ஸில் புதிதாகச் சில சிம்பல் தட்டுகள் சேர்க்க வேண்டும் என்று எங்கள் இசைக்குழுவின் கித்தார்க்காரன் சொன்னதும் நான் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன். ஹை-ஹேட், ஒரு கிராஷ், ஒரு ரைடு. இவ்வளவுதான் எங்கள் குழுவில். எனக்கு ஸ்ப்ளாஷ் என்கிற குட்டித் தட்டின் மேல் ஒரு கண். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. அடித்தால் தண்ணீரில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்து உடனே அடங்கிவிடும். தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே, கடைக்காரர் என் தலை தெரிந்தால் அதை எடுத்து உள்ளே வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அவன் மனதில் இருந்தது வேறு. கடையில் வாங்குகிற தட்டு எவனிடமும் இருக்கும். உன் அப்பா குப்பை லாரியில்தானே இருக்கிறார், மூடி, வீல் கப் என்று நல்ல குப்பையாக எடுத்து வரச் சொல் என்றான். உன்னிடம்தான் கதை இருக்கிறது என்று வேறு சொன்னான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் கதையை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் சரி என்றேன். வரப்போவது எங்கள் முதல் மேடை. நான் முறைத்துக்கொண்டு எழுந்தால் அந்த ஸ்டூலில் உட்கார ஆள் ரெடி.

அப்பா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பெண் அவருடைய வேலையைப் பற்றி வாய் திறந்ததே அவருக்குப் பெரிய விஷயம். பள்ளியில் படித்தபோது, குப்பையிலிருந்து ஒரு ஊசிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவரோடு சண்டை போட்டவள் நான். லாரியில் விழுந்ததையெல்லாம் அவர் தட்டித் தட்டிக் காது கொடுத்ததில், உடன் வேலை செய்கிறவர்கள் அவரை வித்வான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு அண்டா மூடி, ஒரு வீல் கப், விளிம்பு பிய்ந்த பழைய சிம்பல் ஒன்று தேறின. குழாயடியில் உட்கார்ந்து சோப்பும் மணலும் போட்டு அவற்றைப் பளபளவென்று தேய்த்தார். நான் நடுவில் துளை போட்டு ஸ்டாண்டில் மாட்டினேன். மூடியின் மேல் பிய்ந்த சிம்பலைக் கவிழ்த்து அடித்தால் தும்மலை அடக்கிய மாதிரி 'ஜக்' என்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நிகழ்ச்சி அன்று காலையில் குளியலறை வாசலில் நின்று அப்பாவை இரண்டு தடவை சோப்பு போட வைத்தேன். கழுத்துக்குப் பின்னால் தேய்க்கச் சொன்னேன். அரங்க வாசலில் என் படத்தோடு 'குப்பைமேட்டிலிருந்து ஒரு தாளம்' என்று போஸ்டர். அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதனால் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

கூட்டம் வருவதற்கு முன் கித்தார்க்காரன் தட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தான். இவ்வளவு மின்னினால் யார் நம்புவார்கள் என்று, கறுப்பு ஷூ பாலிஷையும் பூந்தொட்டி மண்ணையும் எடுத்துப் பூசினான். திரைக்குப் பின்னால்தான். தட்டு ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

திரை விலகியது. அப்பா எழுந்து நேராக மேடைக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்து வீல் கப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நல்லா தேய்ச்சுத்தாம்மா குடுத்தேன். எப்படி விட்டேன்னு தெரியல."

"அங்கிள், அது அப்படியே இருக்கட்டும்," என்றான் அவன், தேனாக.

அப்பா என்னைப் பார்த்தார்.

"போய் உட்காருப்பா," என்றேன்.

கறுத்த கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை.

வாசித்தேன். அடிக்க அடிக்க மண் பறந்தது. கைதட்டல் அடங்கவில்லை; அப்பாவும் தட்டினார். சாமான்களைக் கட்டும்போது கித்தார்க்காரன், அடுத்த நிகழ்ச்சியில் அங்கிளையும் மேடையேற்றலாம், வேலை யூனிஃபார்மிலேயே வரட்டும் என்றான். பார்க்கலாம் என்றேன். அப்போதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கழுவாம கொண்டாந்துட்டேன்னு உன்னைத் திட்டினாங்களா பாப்பா?"

"நீ சுத்தமாத்தாம்ப்பா குடுத்த. அவன்தான் பூசினான். நான் பிடிச்சுக்கிட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. பயந்துபோய்ப் பார்த்தால் சிரிக்கிறார்.

"அப்புறம் எதுக்கு என்னை மட்டும் ரெண்டு தடவை சோப்பு போடச் சொன்ன?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்குக் காது வரை சுட்டது. போனை எடுத்துக் கித்தார்க்காரனுக்கு, அப்பா வரமாட்டார் என்று அடித்து அனுப்பினேன். நானும் வரமாட்டேன் என்று அடிக்க, இறங்குகிற இடம் வரை ஆயிற்று.