போன் வராவிட்டால் நல்ல சேதி

1

போன் அடித்தது.

அடித்தவள் நான். கதையைச் சத்தத்தோடு தொடங்குவது வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறவர்களின் பழக்கம். கதவு தட்டப்படும், கண்ணாடி உடையும், ஒன்றும் கிடைக்காவிட்டால் போன் அடிக்கும். இந்த முறை அந்தச் சத்தத்தை நான் கற்பனை செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, துபாயில், குசைஸில் என் சமையலறையில் நின்றுகொண்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்து, தேராவில் உள்ள ஒரு மசாலாக் கடைக்கு நானேதான் கூப்பிட்டேன். மதியம் விருந்தாளிகள். பாயசத்துக்கு ஏலக்காய் இல்லை.

மறுமுனையில் ஓர் இளம்பெண். ஹலோ இல்லை, கடைப் பெயர் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இஸ் இட் எ நோ?" என்றாள்.

"பச்சை ஏலக்காய் இருக்குமாம்மா? பெருசா?" என்றேன்.

பிறகு அந்தப் பெண் சிரித்தாள். ஏலக்காய் கேட்டதற்கு அப்படி யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. பரீட்சை தள்ளிப்போனது தெரிந்ததும் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு. சிரித்து முடித்து, "ஸாரி ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள். ஆர்டரை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான் இந்தக் கதை. பாயசம் ஏலக்காய் இல்லாமலே இறங்கியது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'தேராக் கழியின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி ஊற்ற, அப்ராப் படகுகள்—'

வேண்டாம். போனில் சிரித்த அந்தப் பெண், பாஹிமா, அன்று காலை ஜன்னல் பக்கமே போகவில்லை.

அடுத்தது: 'நிராகரிப்பு என்பது மனித மனத்தின்—'

இது கட்டுரை. வேண்டாம். பிறகு ஏலக்காய் வாங்கக் கடைக்குப் போனபோது அவள் என்னிடம் சொன்னதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பாஹிமா ஷார்ஜா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. அமெரிக்க முறைப் படிப்பு. படிப்போடு சில பழக்கங்களும் வந்து இறங்கியிருந்தன. அங்கே மாணவிகளுக்குள் மூன்று 'சர்க்கிள்'கள் உண்டு. சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் சிஸ்டர். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், கேன்டீனில் தங்களுக்கென்று மேஜை. பெயர் கொடுத்தால் மட்டும் சேர முடியாது. ஒரு வாரம் மாலைதோறும் ஒவ்வொரு சர்க்கிளின் அறைக்கும் போகவேண்டும். வாசலில் கைதட்டிப் பாடி வரவேற்பார்கள். டீயும் கேக்கும் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். எழுந்து போனதும் மார்க் போடுவார்கள்.

வீட்டில் இதை விளக்கியபோது அவள் வாப்பா முகம்மது சித்தீக்குக்கு உடனே புரிந்துவிட்டது.

"பொண்ணு பாக்குற மாதிரி."

"அப்படி இல்ல வாப்பா."

"டீ யாரு குடுக்குறது? நீயா, அவங்களா?"

"அவங்கதான்."

"அப்ப பரவாயில்ல," என்றார்.

கடைசி நாள் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வானவர்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு மைதானத்துக்கு வரவேண்டும். அங்கே ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, எந்தச் சர்க்கிள் என்று சொல்வார்கள். எந்தச் சர்க்கிளும் எடுக்காத பெண்களுக்கு மட்டும் அன்று காலையிலேயே ஒரு சீனியர் போன் செய்து சொல்லிவிடுவாள். வெள்ளை உடுத்தி வந்து, எல்லோர் முன்னாலும் நின்று, பெயர் வராமல் திரும்புகிற அவமானம் வேண்டாம் என்று. போன் வராதவர்களுக்கு இடம் உண்டு.

யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அவள் வாப்பாவின் மசாலாக் கடையான சித்தீக் டிரேடிங்கின் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருந்தது பாஹிமாவின் நம்பர்.*

* கீழக்கரைக்காரரான சித்தீக்குக்கு அரபி வரும், உருது வரும், ஈரானியரிடம் ஃபார்ஸியில் விலை பேசுவார். ஆங்கிலம்தான் உதைக்கும். ஆங்கிலத்தில் கேட்பவர்களுக்காக, மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் நம்பரைக் கார்டில் போட்டுவிட்டார். அடுத்த முறை அடிக்கும்போது மாற்றலாம் என்று இருந்தார்கள். கார்டு இன்னும் தீரவில்லை.

3

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாஹிமா முதல் செமஸ்டர் முழுக்க மதியம் எங்கே சாப்பிட்டாள் என்பதை மட்டும் சொன்னாள். லைப்ரரி மாடிப்படியில். அங்கே யாரும் வரமாட்டார்கள். யாராவது வந்தால் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, போன் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொள்வாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மேஜை. குறிப்பாக, ஜன்னலோரம் இருந்த பேர்ல் சர்க்கிளின் மேஜை.

அந்தப் பேர்ல் அறையில் டீ குடிக்கும்போது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். டிரேடிங் என்றாள். எந்தக் கம்பெனி? ஃபேமிலி கம்பெனி. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன நிமிடத்திலிருந்து அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவர்களில் யாராவது கூப்பிட்டு, வாப்பா போனை எடுத்துவிட்டால்?

அன்று இரவே வீட்டில் சட்டம் போட்டாள். "வாப்பா, என் போன் அடிச்சா நீங்க எடுக்கக் கூடாது. கடைக்கு வர்ற போனா இருந்தாலும் நானே பேசிக்கிறேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு செய்தி பார்க்கப் போய்விட்டாராம்.

4

சனிக்கிழமை காலை. போன் சாப்பாட்டு மேஜையில். பாஹிமா எதிரே.

முதலில் நான், ஏலக்காய். அடுத்து ஒரு சூடானி, காய்ந்த எலுமிச்சை. அடுத்து ஒரு ஹோட்டல் மேனேஜர், குங்குமப்பூ அசல்தானா என்று. ஒவ்வொரு முறையும் மறுப்புதானோ என்று நினைத்துத்தான் எடுத்தாள். போனை அணைக்கவும் முடியாது. அணைத்துவிட்டு மைதானத்துக்குப் போய், பெயர் வராமல் நின்றால்?

உம்மா ஜுலைஹா பீவி அந்த வெள்ளைச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டே முனகினாள். புருஷன் மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்கிற பொம்பளை உடுத்துகிற நிறத்தைக் கல்யாணமாகாத பிள்ளைக்கு உடுத்தச் சொல்கிற படிப்பு என்ன படிப்பு என்று. ஆனாலும் சுருக்கம் ஒன்று விடாமல் எடுத்தாள்.

ஒன்பது மணி நெருங்கியது. போன் அமைதியானது. பாஹிமா சுடிதாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

(போனை மேஜையிலேயே விட்டுவிட்டு. கதாசிரியர்கள் கதாபாத்திரத்தை மறக்கவைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சத்தியமாக நான் மறக்கவைக்கவில்லை. இனிமேல் வராது என்று நம்பியதாக அவளே சொன்னாள்.)

5

இங்கே சந்தியாவைக் கொண்டுவர வேண்டும். எனக்குத் தயக்கம் அவளிடம்தான்.

மறுப்பை போனில் சொல்லும் சீனியர் அவள். முதல் வரைவில் அவளை வில்லியாக்கினேன். 'சந்தியா தன் சிவப்பு நகங்களை ஊதிக்கொண்டே அலட்சியமாக—' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எங்கள் பத்திரிகையில் வில்லிக்கு நல்ல வரவேற்பு உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. யாரை எடுப்பது என்று முடிவு செய்தவள் அவள் இல்லையே. முடிவைச் சொல்ல ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். குவைத்தில் மங்காஃபில் வளர்ந்து, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற இருபது வயதுப் பெண். காலை எழுந்ததிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எழுதிவைத்த நாலு வரியை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பதில் பேசாமல் வைத்துவிட்டாள். ஒருத்தியின் அம்மா போனைப் பிடுங்கி, நீ விளங்கவே மாட்டாய் என்றாள்.

நகங்களை எடுத்துவிட்டேன்.

6

போன் அடித்தது. இந்த முறை நான் இல்லை.

சித்தீக்குக்குச் சட்டம் நினைவிருந்தது. ஆனால் மூன்று மணியோசைக்குள் எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதும் நினைவிருந்தது. கை முந்திக்கொண்டது.

"குட் மார்னிங், சித்தீக் டிரேடிங், டெல் மீ."

பாஹிமாவிடம் பேசவேண்டும் என்றது குரல். பாஹிமா டிரெஸ்ஸிங், ஐ ஃபாதர், டெல் மீ என்றார் இவர். அந்தப் பெண்ணிடமே நேராகச் சொல்லவேண்டும் என்பது அவர்கள் விதி. சந்தியா என்ன செய்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்தாள். சித்தீக் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஜுலைஹா, யாரோ ஒரு புள்ள. பேசவும் மாட்டேங்குது, வைக்கவும் மாட்டேங்குது. அழுவுற மாதிரி இருக்கு."

"அழல அங்கிள்," என்றது போன், தமிழில். "ஜலதோஷம்."

வாரம் முழுக்க ஆங்கிலத்தில் மட்டுமே பேசிய சந்தியா தமிழ்ப் பெண் என்று பாஹிமாவுக்கே தெரியாது. சித்தீக்குக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். குவைத், மங்காஃப் என்றாள். அது வீடு, ஊர் எது என்றார். விருதுநகர் என்றாள். அவ்வளவுதான். விருதுநகர் மிளகாய் மண்டி, மல்லி, அங்கே அவருக்குச் சரக்கு அனுப்பும் நாடார் என்று ஆரம்பித்துவிட்டார். நடுவில் சாப்பிட்டாயா என்றும் கேட்டார். இல்லை அங்கிள், இன்னும் கொஞ்சம் பேருக்கு போன் பண்ண வேண்டும், நல்ல சேதி இல்லை, அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லை என்றாள்.

"வெறும் வயித்துல கெட்ட சேதி சொல்லாதம்மா, தலை சுத்தும். ரெண்டு பேரீச்சம்பழமாவது வாயில போடு."

அறைக்கதவு திறந்தது. முழு வெள்ளையில், வாயில் ஹிஜாப் ஊசியோடு பாஹிமா. எதிரே வாப்பா, அவளுடைய போனில், சிரித்துப் பேசிக்கொண்டு. எந்தக் காட்சி நடக்கக் கூடாது என்று ஒரு வாரமாகப் பயந்தாளோ, அதுவேதான்.

"இந்தா, சந்தியான்னு ஒரு நல்ல புள்ள," என்று நீட்டினார். "உனக்கு ஏதோ கெட்ட சேதி வெச்சிருக்காம்."

7

'பாஹிமாவின் கண்களிலிருந்து முத்து முத்தாக—'

இல்லை. ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "ஓகே" என்றாள். காரணம் என்ன என்று கேட்டாள். எங்களுக்கே சொல்லமாட்டார்கள் என்றாள் சந்தியா.

காரணத்தை நான் மூன்று நாள் தேடினேன். டிரேடிங் என்று சொன்னதா, சுடிதாரா, கேக்கைச் சாப்பிடாமல் வைத்ததா? வாசகர்கள் ஒரு காரணம் கேட்பார்கள் என்று பத்திரிகையிலும் சொன்னார்கள். அவளுக்கே கிடைக்காத காரணத்தை நான் எங்கிருந்து கொடுப்பது?

அழவே இல்லை என்று சொல்லமாட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அழுறதுக்குத் தண்ணி எதுக்கு, வீணாப் போவுது என்று உம்மா கதவைத் தட்டினாள். வெளியே வந்தபோது பழைய சட்டையில் வந்தாள். உம்மா அந்த வெள்ளையை மடித்து அலமாரியின் உச்சியில், கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னாள். இடியாப்பம் பரிமாறினாள்.

"அப்பதான் ஆன்ட்டி பசிச்சது," என்றாள் பாஹிமா என்னிடம். "ஒரு வாரமா சாப்பிட்டேன், பசிச்சதே இல்ல. இனிமே அந்த போன் அடிக்கட்டும், அடிக்காம போகட்டும், எனக்கென்ன? தோள்ல ஏதோ மூட்டை இருந்திருக்கு. இறங்கினப்பதான் இருந்ததே தெரியுது."

இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாத்திடுங்க, ஏலக்காயை மாத்தாதீங்க என்றாள். என்னை நினைவில் வைத்திருக்கிறாள்.

8

இனி முடிவு. கையிருப்பில் மூன்று உண்டு.

ஒன்று: அவள் சொந்தமாக நாலாவது சர்க்கிள் தொடங்குகிறாள், பேர்ல் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும். பாஹிமாவிடம் சொன்னேன். யாரால ஆன்ட்டி அத்தனை கேக் சுட முடியும் என்றாள்.

இரண்டு: திங்கட்கிழமை மதியம் லைப்ரரி மாடிப்படி. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யாரோ ஏறி வருகிற சத்தம். சந்தியா. இன்னும் மூக்கடைப்பு. இங்க ரெண்டு பேர் உக்காரலாமா என்கிறாள். இது நடந்ததா, நான் எழுதியதா என்று கேட்காதீர்கள். கேட்டால் இரண்டும் என்பேன்.

மூன்று: அதே சனிக்கிழமை காலை. இடியாப்பம் பாதித் தட்டில். மைதானத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கும் நேரம். மேஜையில் போன் மறுபடியும் அடிக்கிறது.

இது மட்டும் நிச்சயமாக நடந்தது. யார் கூப்பிட்டது என்பதை உங்களிடம் விடுகிறேன். கடைசி நிமிடத்தில் யாராவது வேண்டாமென்று விலகினால், விட்டுப்போன பெண்களில் ஒருத்தியைக் கூப்பிடுவது அங்கே உண்டு. ஆகவே அது பேர்ல் சர்க்கிளின் தலைவியாக இருக்கலாம். குங்குமப்பூ மேனேஜராகவும் இருக்கலாம். ஆர்டரை எடுக்காமல் வைத்துவிட்டாளே என்று நான் இரண்டாம் முறை கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

தெரியாத நம்பர். சித்தீக் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒருமுறை சட்டத்தை மீறியாயிற்று. இன்னொரு முறை முடியாது.

பாஹிமா வாய் நிறைய இடியாப்பத்தோடு போனை அவர் பக்கம் தள்ளினாள்.

"வாப்பா, நீங்களே எடுங்க."