இரும்புப் பூதத்தின் கால்கள்

அன்ரனி விண்ணப்பம் கொடுத்து அன்றோடு ஐந்நூற்று முப்பத்தேழு நாட்கள் ஆகியிருந்தன. குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் நாளுக்கொரு பென்சில் கோடு போட்டு வந்தார். தேயிலை எடுக்க அந்தக் கதவைத் திறப்பவர் எவரும் கோடுகளைப் பார்க்காமல் தப்ப முடியாது. கீழ்மாடியில் இருக்கும் யசிந்தா அந்தக் கதவைத் திறப்பதே இல்லை. தேத்தண்ணி போடட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாள்.

மனைவி றெஜினாவையும் மகள் மாக்கிரட்டையும் மட்டக்களப்பிலிருந்து டென்மார்க்குக்குக் கூப்பிட அனுமதி கேட்ட விண்ணப்பம் அது. படிவத்தை டேனிஷில் நிரப்பிக் கொடுத்தவள் யசிந்தா. ஹோர்சன்ஸில் அந்த அடுக்குமாடியில் இருந்த தமிழர்களில் அவளுடைய டேனிஷ்தான் கொஞ்சம் தேறும். ஊரில் பௌதிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கட்டில் விரிப்பு மடிக்கிறாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். எழுதச் சொன்னால் எழுதுவாள். அதனால் எல்லோரும் அவளிடம் எழுதக் கொண்டுவந்தார்கள்.

அவள் வாய் திறப்பது சனிக்கிழமைகளில் மட்டும். அதுவும் கார்ட்டூனுக்கு.

சின்னப்பிள்ளைகளின் வீடியோ பாருங்கள், பேச்சு சுலபமாகப் பிடிபடும் என்று மொழிப் பள்ளி ஆசிரியை சொன்னதிலிருந்து, மூன்றாம் மாடியில் அன்ரனியின் அறையில் மீசை வைத்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜப்பான்காரனின் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கினார்கள். மூலைக் கியோஸ்க்கில் வாடகைக்குக் கிடைத்தது அந்த ஒரு தொடர்தான். நகரம் ஒன்றை ஒரு இரும்புப் பூதம் காக்கும். தேவாலயக் கோபுரம் அளவு உயரம். அதன் நெஞ்சுக்குள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்து ஓட்டுவாள். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஒரு டேனிஷ்காரன் குரல் கொடுத்திருந்தான். சிறுமிக்கும் அவன்தான், தாய்க்கும் அவன்தான், குரைக்கிற நாய்க்கும் அவன்தான்.

முதல் கசற்றிலேயே யசிந்தா சொல்லிவிட்டாள்.

“அது நிக்க ஏலாது.”

“எது?” என்றார் பரமானந்தம். யாழ்ப்பாணத்தார், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை, பகிடிக்காரர்.

“அந்தப் பூதம். உயரம் பத்து மடங்கு கூடினா பாரம் ஆயிரம் மடங்கு கூடும். கால்ர பலம் நூறு மடங்குதான் கூடும். ஒரு அடி வைக்கக்குள்ளேயே முழங்கால் முறியும்.”

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பூதம் கடலுக்குள் நடந்துபோனது.

“முறியேல்லையே, பிள்ளை,” என்றார் பரமானந்தம்.

அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு சனியும் அவள் ஒன்றைப் பிடிப்பாள், பரமானந்தம் பதில் சொல்வார். ஆகாய வெளியில் சிறுமி அம்மாவைக் கூப்பிட்டபோது, காற்று இல்லாத இடத்தில் சத்தம் போகாது என்றாள். “தாய்க்கும் மகளுக்கும் தொண்டை ஒண்டுதானே,” என்றார் அவர். “ஆர் கூப்பிட்டால் ஆருக்குக் கேக்காது?”

அன்ரனி இதில் சேரமாட்டார். இரவெல்லாம் இறைச்சிக் கம்பனியில் நிலம் கழுவிவிட்டு, அரைக்கண் மூடியபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தில் சிறுமி ராணுவத்தின் தடையில் நிற்கிறாள், சிரிக்கிறாள், அவர்கள் வழிவிடுகிறார்கள்.

“இது பொய்,” என்றார். “ஐ.சி. அட்டை கேக்கல்ல, பேர் கேக்கல்ல. எந்த ஊர்ல இருக்கு இப்படி ஒரு சென்ரி?”

“பூதத்த நம்பினீங்களே, அண்ணன்?”

“பூதம் பொய் எண்டு அவன் முதல்லேயே சொல்லிப்போட்டான் புள்ள. அத நான் வாங்கிட்டன். அதுக்குப் பிறகு மனிசரப் பற்றிப் பொய் சொல்லப்படாது. சொன்னா எல்லாம் விழுந்திரும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். யசிந்தா சிரிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு அவர் ஒரு வருடம் பிந்திவிட்டார்.

விண்ணப்பம் எழுதிய அன்று அவளும் அப்படித்தான் கணக்குப் போட்டாள், ஆனால் தலைகீழாக.

படிவத்தில் திருமணம் நடந்த திகதி என்று ஒரு கட்டம். அன்ரனி சொன்ன திகதி, 1978 நவம்பர் இருபத்துமூன்று. மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு அந்த நாளைச் சொல்லவே தேவையில்லை. அது புயல் அடித்த நாள். கலியாணத்தைத் தள்ளிவைக்கவில்லையா என்று கேட்டாள். சோறு ஆக்கியாயிற்று, எப்படித் தள்ளிவைப்பது என்று திருப்பிக் கேட்டார். தாலி கட்டிச் சிறிது நேரத்தில் கோவில் கூரை போனது. பதிவுப் புத்தகம் தண்ணீருக்குள் போனது. ஐந்து மாதம் கழித்துப் பாதர் புதுப் புத்தகத்தில் எழுதினார்.

இதையெல்லாம் ஒரு டேனிஷ் அதிகாரி நம்புவாரா என்று அவள் யோசித்தாள். அவளுக்கு அனுபவம் இருந்தது. தன்னுடைய அகதி விசாரணையில், பட்டச் சான்றிதழை எட்டாக மடித்துச் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம், அவள் சொன்ன எதற்கும் அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் மறக்கவில்லை.

பெரும் புயல் நாளில் கலியாணம். பதிவுப் புத்தகம் தண்ணீரில். பேனை கீழே போகும். ஆகவே அவள் கட்டத்தில் பதினாறு என்று எழுதினாள். ஒரு கிழமை முன்னால். காற்று இல்லாத, கூரை உள்ள, சாதாரண வியாழக்கிழமை. அன்ரனிக்கு அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

“கையெழுத்து எங்க போடணும் எண்டு காட்டு புள்ள,” என்று மட்டும் அவர் கேட்டார். காட்டினாள்.

நாலு மாதம் கழித்து றெஜினா ஆயர் இல்லத்தில் கேட்டு வாங்கிய திருமணச் சான்றிதழின் பிரதியைத் தபாலில் அனுப்பினாள். பாதர் புதுப் புத்தகத்தில் நாளைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். இருபத்துமூன்று. யசிந்தா அதைப் பார்த்து, மடித்து, உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். படிவத்தின் கார்பன் பிரதி அவளுடைய பெட்டியில் இருந்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரு மாடி இடைவெளியில் இருந்தன.

பதில் வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. அன்ரனி தன்னில் பிழை தேடத் தொடங்கினார். புகைப்படத்தில் வலது காது தெரிய வேண்டுமாம், றெஜினாவின் படத்தில் தலைமயிர் காதை மறைத்துவிட்டதாம். புதுப்படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்த படத்தில் மாக்கிரட் சிரித்துவிட்டாள் என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். கையெழுத்து சிறிதாகிவிட்டது என்றார். நீலப் பேனையால் எழுதியிருக்கக் கூடாது என்றார். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒவ்வொருவரும் தன்தன் பேப்பரில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு அதோடு படுத்து எழும்பினார்கள். உண்மையான பிழை ஒன்று யாரிடம் இருந்தது என்று யசிந்தாவுக்கு மட்டும் தெரியும். மூன்று தடவை அவள் படியேறி அவருடைய கதவுவரை போனாள். மூன்று தடவையும் அவர் நித்திரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள்.

ஐந்நூற்று முப்பத்தேழாம் நாள் சனிக்கிழமை. காலை வேலைக்குப் போனபோது, ஓய்வறை மேசையில் கிடந்த பத்திரிகையில் தமிழர் என்ற சொல்லைக் கண்டாள். நின்றபடியே வாசித்தாள். பிறகு மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டு அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் அன்ரனியின் அறைக்குப் போனபோது பரமானந்தம் கசற்றை டெக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

“பொறுங்க அண்ணை,” என்றாள். “இத வாசிக்கணும்.”

மெதுவாக மொழிபெயர்த்தாள். தமிழ் அகதிகளின் குடும்பக் கோப்புகள் ஒன்றரை வருடமாகத் தொடப்படவே இல்லை. மேலிருந்து சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது சட்டப்படி சரியில்லை என்று விசாரித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

“அப்ப காது?” என்றார் அன்ரனி.

“காதில பிழை இல்ல, அண்ணன்.”

“மூண்டு தரம் படம் எடுத்தவள்,” என்றார். “கல்லடியில இருந்து நடந்துவந்து, சென்ரியில நிண்டு, மூண்டு தரம்.” முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். “அப்ப எங்கட பேப்பரில ஒரு பிழையும் இல்ல.”

யசிந்தா பத்திரிகையை மடித்தாள். அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

அன்ரனி ஜன்னலோரத்திலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். “இது நேத்து வந்தது. நீ வந்தாப்பிறகு பாப்பம் எண்டு வச்சிருந்தன்.”

பொலிஸிலிருந்து வந்திருந்தது. கோப்பைத் திறக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சான்றிதழ்களோடு வர வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள விபரங்கள் பற்றிச் சில கேள்விகள் கேட்கப்படும்.

அவள் வாசித்துக் காட்டினாள். குரல் மாறவில்லை. கோப்பு மூடிக் கிடந்தவரைக்கும் அந்தப் பதினாறு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இனிச் செய்யும். திங்கட்கிழமை அவர்கள் கேட்பார்கள், அன்ரனி நிமிர்ந்து உட்கார்ந்து இருபத்துமூன்று என்பார், எதிரே இருப்பவர் படிவத்தைப் பார்ப்பார், சான்றிதழைப் பார்ப்பார், பேனையைக் கீழே வைப்பார். றெஜினாவும் மாக்கிரட்டும் அந்தப் பேனைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவார்கள்.

“வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு வாறியா புள்ள, திங்கக்கிழம?”

“ஓம்.”

பரமானந்தம் படத்தைப் போட்டார். பூதம் மழைக்குள் நடந்துவந்தது. காற்றில் வீட்டுக் கூரைகள் பறந்தன. சிறுமி ஒரு கையால் ஒரு பள்ளிக்கூடக் கூரையைப் பிடித்து வைத்திருந்தாள்.

“சொல்லு பிள்ளை,” என்றார் பரமானந்தம். “கால் முறியுமோ?”

அவள் பொலிஸ் கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள்.

“எங்கட கூரையப் பிடிக்க ஆரும் வரல்ல,” என்றார் அன்ரனி. அந்தச் செய்திக்குப் பிறகு அவருக்குப் பேச வேண்டும் போலிருந்தது. “தாலி கட்டி முடிஞ்சு பாதர் ஆமென் எண்டவர். கூரை போயிற்று.”

“ஆமெனோடையோ?”

“ஆமெனோட.”

“பொம்பிளை?”

“மேசைக்குக் கீழ. நானும் கீழ. பாதரும் கீழ. சோத்துக் கிடாரத்த மச்சான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவன், பிள்ளையப் போல.”

“அன்ரனி,” என்றார் பரமானந்தம், “ஜப்பான்காரன் உப்பிடி ஒரு படம் எடுத்தால் நான் காசைத் திருப்பிக் கேப்பன். உதைத் திங்கக்கிழமை பொலிஸிலை சொல்லிப்போடாதை, அப்பு. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“ஏன் சொல்லப்படாது? நடந்தது. இருவத்திமூண்டாம் திகதி. சான்றிதழில இருக்கு.”

“சான்றிதழிலை இருந்தால்? கேக்கிறவன் மனிசன். அவனுக்குப் பூதத்தை நம்பலாம், உன்ர சோத்துக் கிடாரத்தை நம்பேலாது.”

அன்ரனி சிரித்தார். ஐந்நூற்று முப்பத்தேழு நாட்களில் அவர் அப்படிச் சிரித்து யசிந்தா பார்த்ததில்லை. கண்ணின் கீழ்ப் பை இரண்டும் மேலே ஏறின.

“அதெல்லாம் பயமில்ல,” என்றார். “கேக்கிறதுக்கு முதலே எழுதிக் குடுத்தாச்சு. இந்தப் புள்ள அண்டைக்கே வடிவா எழுதிட்டுது. இல்லையா புள்ள? நான் சொன்னபடிதானே எழுதின?”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் அவளுக்குக் கழுத்துச் சூடாகும். இப்போதும் ஆனது. ஓம் என்று ஒரு சொல் போதும். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு கடிதம் எழுதலாம், திகதியைத் திருத்தித் தரும்படி கேட்கலாம், அவருடைய கையெழுத்தை வாங்கலாம். அவருக்குச் சொல்லாமல் இதில் ஒன்றையும் செய்ய முடியாது.

அவள் எழுந்து தொலைக்காட்சிக்குப் போய் அதை நிறுத்தினாள். பூதம் ஒரு காலைத் தூக்கியபடி மறைந்தது.

“என்ன பிள்ளை, முறிஞ்சுபோச்சோ?” என்றார் பரமானந்தம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்ரனி அண்ணன்,” என்றாள். “படிவத்தில இருவத்திமூண்டு இல்ல. பதினாறு எண்டு இருக்கு. ஒருத்தரும் நம்பமாட்டாங்க எண்டு நினைச்சு நான்தான் மாத்தினனான்.”