ராஜா கேட்டுவிட்டு நிற்கிறார்

1

இந்தக் கதை ஒரு போர்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருத்தணியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே தியேட்டர் சுவரில் படித்தேன்: ‘வெள்ளி முதல் புதுப்படம். ஞாயிறு காலை 11 மணிக்குக் கூத்து, திரையில். அடுத்த ஞாயிறு சர்ச் நாடகம், திரையில்.’ பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

2

மலைக்கோயில் மணி ஒலித்தபோது தணிகாசலம் படியில்...

(வேண்டாம். திருத்தணிக் கதை என்றால் ஆளைப் படியேற்றித்தான் ஆக வேண்டுமா? முட்டி வலிக்கிறது, அவருக்கும் எனக்கும்.)

மறுபடி: பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிற தணிகாசலம், கூத்தில் கட்டியங்காரன்; அதாவது ராஜாவையே கலாய்க்கிற கோமாளி. இருபத்திரண்டு வருஷமாக ஊரெல்லாம் சிரிக்க, மனைவி சின்னம்மாள் மட்டும் ஒருமுறையும் பார்த்ததில்லை. கூத்து விடிய விடிய நடக்கும். விடிந்தால் அவளுக்குத் தறி இருக்கும்.*

“இந்த வாட்டி எங்க கூத்த படம் புடிச்சி தியேட்டர்ல போடறாங்க, பகல் ஷோ. வந்தே ஆவணும்.”

“ஆங், வர்றேன். சிரிப்பு வரலன்னா சிரிக்க மாட்டேன், சொல்ட்டேன்.”

* தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் அவர் வீட்டில் வசனம் பாடம் செய்வார். இதை அடிக்குறிப்பில் தள்ளியது என் தப்பு.

3

டிக்கெட் கொடுக்கிற சுஜாதா, “ஹீரோ வந்துட்டாரு” என்று இருவரையும் நடுவரிசையில் உட்கார வைத்தாள். திரையில் ஆர்மோனியம் ஒலித்தது. கட்டியங்காரன் வருகிற பாட்டு. பழக்கதோஷம், தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார்.

“யோவ், உக்காருயா!” என்றது பின்வரிசை.

உட்கார்ந்தார். திரையில் ராஜா மட்டும்தான் இருந்தார். கட்டியங்காரன் மேடையில் நிற்க மாட்டார். சனத்துக்குள்ளே சுற்றிக்கொண்டுதான் பதில் சொல்வார். படம்பிடித்த பிரகாஷ் அரக்கோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமராவையும் மைக்கையும் மாப்பிள்ளைக்கு எதிரே நடுவதுபோல ராஜாவுக்கு எதிரே நட்டுவிட்டான். தணிகாசலம் படத்திலும் இல்லை, சத்தத்திலும் இல்லை.

4

“யாரங்கே? நம் மந்திரி எங்கே?” என்றார் ராஜா. பதிலுக்கு இடம் விட்டு நின்றார்.

தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கூட்டிவந்து, அவளுக்குக் காட்டியது இதைத்தானா?

முதல் பிரதியில் அவரே துள்ளி எழுந்து பதில் சொன்னார். (விசில், கைதட்டல். அடித்துவிட்டேன்.) இரண்டாவதில் பிரகாஷ் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மூன்றாவதில் சின்னம்மாள் அவர் கையை மெல்லப் பற்றி...

பற்றவில்லை. என்னைக் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

“மந்திரி அரக்கோணம் பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிச்சினு கீறாரு, மகாராஜா!”

தறியை ஜெயித்த குரல். திரையில் ராஜா சரியாக அப்போது தலையில் அடித்துக்கொண்டார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சுஜாதா கவுண்டரை விட்டு ஓடிவந்தாள்.

“உனக்கெப்டி தெரியும்?” என்றார் தணிகாசலம்.

“டெய்லி கேட்டுகினுதானே கீறேன்.”

அப்புறம் கேள்விக்குக் கேள்வி அவளும் அவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

5

முடிவு. ராஜா கடைசியாகக் கேட்கிறார்: “நம் மகாராணி எங்கே?”

இதற்கும் தணிகாசலத்திடம் ஒரு பதில் உண்டு. ஊர் ஊராகச் சிரித்த பதில். முழுக்க முழுக்கச் சின்னம்மாளைப் பற்றியது. அதை மட்டும் அவர் வீட்டில் பாடம் செய்ததே இல்லை.

“சொல்லு,” என்கிறாள் அவள். “இத மட்டும் நான் கேட்டதே இல்ல.”

ராஜா நாலு விநாடி இடம் விட்டிருக்கிறார். நான் எழுத மாட்டேன். நீங்களே நிரப்புங்கள், மத்தியானம் அவர் சின்னம்மாள் கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.