சாட்டின் வைத்துத் தைத்த விரிப்பு

...ஆறு மில்லிமீட்டர் என்றால் கோட்டுத் துணியை நாலாக மடித்த கனம், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாலே தெரிந்துவிடும், இதற்குப் போய் அட்டையில் அச்சடித்துத் தொங்கவிட வேண்டுமா என்று யோகா விரிப்புக் கடையில் நின்று நினைத்த தையற்காரர், நினைத்த வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டார், போன தடவையும் இந்த விரல்களை நம்பித்தானே மோசம் போனது. முப்பத்திரண்டு வருடமாகத் துணியைத் தடவிப் பழகிய விரல், வழவழப்பாக இருந்தால் நல்ல சரக்கு, சொரசொரப்பாக இருந்தால் மட்டம்... அந்தப் புத்தியில்தான், யோகா வகுப்புக்கென்று மனைவி ஆசையாக வாங்கி வந்த விரிப்பின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சே, என்ன கரடுமுரடு என்று, அவள் வெளியே போயிருந்த நேரத்தில் நீலச் சாட்டினில் அடித்துணி வைத்து, நாலு ஓரமும் மடித்துத் தைத்து, மூலையில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் பூத்தையலில் போட்டு வைத்தார். யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு காலை முன்னால் நீட்டிக் குனிந்தாளாம், விரிப்பு அவளையும் இழுத்துக்கொண்டு வழுக்கிப் போய்விட்டதாம், மணிக்கட்டில் கட்டோடு வந்து வாசலில் நின்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "தையல் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள், சிரிக்காமல், விரிப்பைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டாள்.

கட்டுப் பிரித்து மூன்று வாரமாகிறது, வகுப்பு என்ற பேச்சையே காணோம். ஐம்பத்திரண்டு வயதில் தனக்கென்று அவள் ஆரம்பித்த ஒரே காரியம், செவ்வாயும் வெள்ளியும் காலையில் தலை வாரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பாள், என்ன பாட்டென்று இவருக்குப் பிடிபட்டதே இல்லை, இப்போது அதுவும் இல்லை, இவர்தான் நிறுத்தினார். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் போவாளா? இதோ பச்சை ஒன்று, பத்து மில்லிமீட்டர், மெத்தை மாதிரி... "சார், கையால பாக்காதீங்க, செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க" என்றாள் கடைப்பெண். ஏறினார். பச்சையில் குதிகால் அமுங்கி, தையல் மெஷினே கதியென்று உட்கார்ந்த உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பக்கத்தில் இருந்த ரப்பர் விரிப்பில், மெல்லியதுதான், சொரசொரப்புதான், பாதத்தை அகட்டித் தள்ளித் தள்ளிப் பார்த்தும் இம்மி நகரவில்லை. அட, இந்தச் சொரசொரப்புக்கா சாட்டினைப் போர்த்தினோம்...

"யாருக்கு சார்? முழங்கால் வலி இருக்கிறவங்கன்னா கொஞ்சம் கனமா எடுக்கணும். அவங்களுக்கு வலி இருக்கா?" அதென்ன கேள்வி, இருக்கும், இருந்துதானே ஆக வேண்டும், தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றுவாளே... இடது முழங்காலா, வலதா? வங்கி மேலாளருக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம், பல் டாக்டருக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தளர்த்த வேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். தன் தையல் கடைக்கு வருகிறவர் யாரானாலும் லூசா வேணுமா, பிடிச்ச மாதிரி வேணுமா என்று கேட்காமல் கத்தரியைத் தொட்டதில்லை. அவளிடம்? கேட்டதாக நினைவே இல்லை. வெட்கமாக இருந்தது. விரிப்பை விட்டு இறங்காமலே போனை எடுத்தார்.

"உனக்கு முழங்கால் வலிக்குதா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. "எங்க இருக்கீங்க?" சொன்னார். "அங்கயே இருங்க, நான் வரேன். அதுக்குள்ள எதையும் வாங்கிராதீங்க. தைக்கவும் தைக்காதீங்க."

சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் கேட்டது. ஆனால் கடைக்கு வருகிறேன் என்றாளே தவிர வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை, வலி இருக்கிறதா என்பதற்கும் பதில் வரவில்லை. கடைப்பெண் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள், அவர் உட்காரவில்லை, அந்த ரப்பர் விரிப்பின் மேலேயே வெறுங்காலோடு நின்றார். இத்தனை வருடத்தில் அவளிடம் கேட்காமல் விட்டது இது ஒன்றுதானா... அந்தப் பாட்டு என்ன பாட்டு, நீலம் அவளுக்குப் பிடிக்குமா, ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது, எல்லாம் வந்து முடிவதற்குள் அவள் வந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.