சுடுபடியில் வார்த்த நீர்

ஆடித் திங்களின் கார்த்திகை நாள். கீழ்வானில் எழுந்த ஞாயிறு தணிகைக் குன்றின் முகட்டைப் பொன்னாக்கி, சரிவில் நின்ற பாறைகளின் தோள்வழியே இறங்கி, அடிவாரத்துப் பொய்கையில் கால் நனைத்த அவ்வேளையில், ஆர்க்காட்டுப் பாதையினின்றும் திருப்பதிப் பாதையினின்றும் பெருகிய மக்கள் வெள்ளம், ஆறுகள் இரண்டு ஒரு கடலில் கலப்பதுபோல, மலைப்படிகளின் தொடக்கத்தில் கலந்துகொண்டிருந்தது. மஞ்சள் உடுத்தி, மலர்க்காவடி சுமந்து, தமிழும் தெலுங்கும் ஒரே முழக்கமாய் ஒலிக்க ஏறிச்சென்ற அடியவர் கூட்டத்தைக் கண்டால், குன்றமே பூத்து மேல்நோக்கி நடக்கிறதோ என்று எண்ணத் தோன்றும். காவடி எடுத்தவனுக்கு அன்று பெயரில்லை. பெற்ற தாயும் அவனைச் ‘சாமி’ என்றே அழைப்பாள். அவ்வூர் வழக்கம் அது.

படிகளின் அருகே பனையோலை வேய்ந்த சிறு தண்ணீர்ப்பந்தலில், மண்பானைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தாள் மதலேனம்மாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த மரச்சிலுவை தொங்கியது. கிறித்தவப் பெண்ணொருத்தி முருகன் அடியவர்க்கு நீர் வார்ப்பதை அங்கு எவரும் வியந்திலர். அப்பந்தலை முதன்முதல் நட்டவன் அவள் ஒரே மகன் இன்னாசி என்பதை ஊரார் அறிவர். வண்டியோட்டிப் பிழைத்த அவ்விளைஞன், ஆடிதோறும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நீர் சுமந்து வந்து வார்ப்பான். அவன் மறைந்தபின்னும் அவள் அதனைக் கைவிடவில்லை.

அவன் மறைந்த வகையைச் சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், திருவாலங்காட்டில் கோதண்டம் என்னும் உழவன், வாய்க்கால் பகையினால் சினம் மூண்டு, தன் பங்காளியின் முற்றிய கரும்புத் தோட்டத்திற்குத் தீயிட்டான். அவ்வழியே வண்டியோட்டி வந்த இன்னாசி ஒருவனே அதனைக் கண்டவன். வழக்கு மன்றேறும் நாளின் காலையில், கரும்பு வெட்டும் கத்தியோடு கோதண்டம் அவனை வழிமறித்தான்.

“பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லேன்டா. வாய் தேஞ்சிடுமா?”

“சிலுவ மேல கை வெச்சு சொல்லணுமே அண்ணா, கை எழும்பாது. வேணும்னா வாங்க, உங்க பங்காளி கால்ல நானும் சேந்து வுழறேன். வழக்கே இல்லாம பண்ணிடலாம்.”

ஆறுதலாய்ச் சொன்ன அச்சொல், கொதித்திருந்த நெஞ்சுக்கு ஏளனமாய்ப் பட்டது. கத்தி எழுந்தது, விழுந்தது.

மருத்துவமனையில், குருதி வற்றி வெளிறிக் கிடந்த இன்னாசியின் வாக்குமூலத்தைப் பதிய நடுவர் வந்தார். வெட்டியவன் யார் என்று வினவினார்.

“கோதண்டண்ணன்தாங்க,” என்றான் அவன். பிறகு மூச்சை இழுத்துச் சேர்த்துச் சிரிக்க முயன்றான். “பொய் சொல்ல மாட்டேன்னதுக்குத்தான் வெட்டினாரு. இப்ப நான் பொய் சொன்னா வெட்டு வீணாப் போயிடுமுங்க. ஆனா நான் மன்னிச்சிட்டேன். அவரத் தூக்குல போடக்கூடாதுன்னும் எழுதிக்கினு போங்க.”

பின்னர்த் தாயின் பக்கம் கண்ணைத் திருப்பினான். “நான் வுட்டுட்டேன்மா. நீயும் வுட்டுடறியா?”

“ஆங், நைனா,” என்று மகனைச் செல்லமாய் விளித்து இசைந்தாள் அவள். அந்தச் சொல்லைக் கேட்டு அமைதியுற்ற முகத்தோடே அவன் கண்மூடினான்.

இறந்தவனின் வேண்டுகோளை மதித்து மன்றம் தூக்குக் கயிற்றை விலக்கிக் கோதண்டத்தைச் சிறைக்கு அனுப்பியது. ஆனால், மதலேனம்மாள் சொன்ன ‘ஆங்’ உண்மையன்று. பொய் சொல்ல மறுத்து உயிரீந்த மகனுக்கு, அவன் கேட்ட கடைசிச் சொல்லாகத் தான் ஒரு பொய்யைத் தந்துவிட்டதை எண்ணி எண்ணி அவள் தேய்ந்தாள். மாலைதோறும் விளக்கேற்றி ஆண்டவர் கற்பித்த மன்றாட்டைச் சொல்லுவாள். தீமை செய்தவரைப் பொறுப்பதைப் பற்றிய அடி வந்ததும், முள் தைத்ததுபோல் நா நின்றுவிடும். அதை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குப் போவாள்.

இவ்வாறு ஆண்டுகள் கழிந்தபின் வந்த கார்த்திகை இது.

வெயில் ஏறியது. பந்தலுக்கு எதிரே, கன்னங்களினூடே அலகு குத்தி, தலை மழித்து, காவடி தாங்கிய ஒருவர் நிழலுக்கு வாராமல் நிற்பதை மதலேனம்மாள் கண்டாள். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள்.

“சாமி, இன்னாத்துக்கு வெயில்ல காயறீங்க? வாங்க.”

அவர் தலையசைத்து மறுத்தார். கெண்டியை எடுத்துக்கொண்டு அவளே எழுந்து சென்றாள். அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் முகம் வாடியது.

“எங்காளுங்க கையால குடிச்சா நோன்பு கெட்டுடுமா? இத்தினி வருசமா ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல.”

“ஐயோ, அதில்லக்கா,” என்று பதறினாள் அம்மனைவி. “உங்க கையால குடிக்கிற தகுதி தனக்கில்லன்னு நிக்கிறாரு. நான் கெங்கம்மா. இவரு... கோதண்டம். போன மாசந்தான் வெளிய வுட்டாங்க. உங்களப் பாக்காம மலையேற மாட்டேன்னு வந்தாரு. பாத்ததும் கிட்ட வர பயந்துகினு நிக்கிறாரு.”

மதலேனம்மாள் கெண்டியைத் தாழ்த்தினாள். அலகு பூட்டிய வாயால் மன்னிப்புக் கேட்கவும் இயலாத அம்மனிதன், கண்ணீர் மோவாயினின்று சொட்டச் சொட்ட நின்றான். நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். யாரும் அவளைக் குறை கூறார். ஆனால் வெடித்த அவ்வுதடுகளை அவள் கண்டாள். இன்னாசி இங்கிருந்தால் இவ்வளவு நேரம் காக்க வைத்திருப்பானா என்று நினைத்தாள்.

இடக்கையால் அவன் மோவாயைத் தாங்கினாள். அலகில் படாதவாறு கெண்டியின் மூக்கை வாயோரம் வைத்து, நோயுற்ற குழவிக்குப் பாலூட்டுவார்போல, துளித்துளியாய் வார்த்தாள்.

“மெல்ல, மெல்ல. குடிங்க, சாமி.”

அவன் குடித்து முடித்தான். அவள் குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தாள். “கல்லு கொதிக்குது. செத்த இருங்க,” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்து, அவன் கால் வைக்கவிருந்த படிகளில் நீரை வார்த்துக்கொண்டே ஏறினாள். ஈரமான கல்லில் கால் பதித்து அவன் பின்தொடர்ந்தான். குடம் ஒழிந்த இடத்தில் அவள் ஒதுங்கி நின்றாள். காவடி அசைந்தசைந்து மேலே சென்றது.

அன்று மாலை மதலேனம்மாள் விளக்கேற்றி மன்றாட்டைத் தொடங்கினாள். வழக்கமாய் நிற்கும் அடி வந்தது. நா தடைப்படவில்லை. அதை முழுதாய்ச் சொன்னாள். கேட்கத் தன் செவிக்கே இனிதாயிருந்ததால் மறுமுறையும் சொன்னாள். பின்னர், அன்று மருத்துவமனையில் மகன் கிடந்த பக்கம் பார்ப்பவள்போல் முகம் திருப்பி, நெடுநாட்கடனாய் நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைத்து, மெல்லிய குரலில், “ஆங், நைனா,” என்றாள்.

பெரும் அருள்கள் பேரோசையோடு வருவதில்லை, அன்புடையீர். தாகத்தால் வெடித்த உதட்டருகே ஒரு கெண்டி நீராய் வந்து, தந்தவரையும் உண்டவரையும் ஒருங்கே ஆற்றிச் செல்கின்றன. குன்றின்மேல் விளக்குகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அடிவாரத்துச் சிறு குடிலில், பல்லாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, ஒரு தாய் அயர்ந்து உறங்கினாள்.