வெந்நீர்க் கால்வாயில் பூத்தது

மூன்றே மூன்று ஆகாயத்தாமரைச் செடிகள். நாலு வருஷத்துக்கு முன்பு நகரத்துச் சந்தையில் வாங்கி, மின்நிலையத்து வெந்நீர்க் கால்வாயில் விட்டவன் சோபிர்தான். பனிக்காலம் வந்தால் தானாகச் செத்துப்போகும் என்று நினைத்தான். சிர்தாரியா ஆறே உறையும் குளிரிலும் ஆவி பறக்க ஓடும் தண்ணீரில் எந்தச் செடி சாகும்? அது கால்வாயை மூடி, ஊரின் கெண்டைக் குளங்களுக்குள் புகுந்தது. கோடையில் மீன்கள் மூச்சு முட்டி மிதந்தன.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலையோ!" என்று ஊரே திட்டியது. எல்லாரையும்விட உரக்கத் திட்டியவன் சோபிர்.

வேறென்ன செய்வான்? குழந்தை இறந்து பிறந்தபின் அவன் மனைவி ஒய்தின் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. அவளுக்காகத்தான் செடிகளை விட்டான்; அது அவளுக்கு மட்டுமே தெரியும். கால்வாயில் பூத்த முதல் ஊதாப்பூவை அவன் கொண்டுவந்து நீட்டிய அன்றுதான் சிரித்தாள். அதுமுதல் ஒவ்வொரு கோடையிலும் அவள் தேநீர்க் கிண்ணத்தருகே ஒரு பூ வைப்பான்.

இந்தத் தை மாதம் பழுதுபார்க்க மின்நிலையத்தைப் பத்து நாள் நிறுத்தினார்கள். கால்வாய் சில்லிட்டது. செடிகளை வார, வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று ஊர்த்தலைவர் கூப்பிட்டார்.

"இலை கருகிடுச்சுன்னு விட்டுடாதீங்கப்பா. தண்ணிக்குள்ள குருத்து உசுரோட இருக்கும். ஒண்ணு விடாம வாரிப் பனியில போடுங்க. ஒண்ணு தப்பிச்சாலும் போச்சு!"

மூன்று நாள் வாரினான் சோபிர். கடைசி நாள் மட்டும் ஒரு செடியைக் கோட்டுக்குள் மறைத்து வந்து, அடுப்போரம் வாளித் தண்ணீரில் வைத்தான். பூ இல்லாவிட்டால் அவள் மறுபடியும் மௌனமாகிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு.

ஒய்தின் வாளியைப் பார்த்தாள். தூக்கிப்போய் முற்றத்துப் பனியில் கவிழ்த்தாள்.

"ஐயோ, உனக்காகத்தாண்டி வெச்சேன்! அந்தப் பூவப் பாத்துத்தானே சிரிச்சே!"

"பூவ யாரு பாத்தா? ஒரு கால்ல பூட்ஸ், இன்னொரு கால்ல சேறு, தலையெல்லாம் பாசி. அந்தக் கோலத்துல மாப்பிள்ளை மாதிரி விறைப்பா நின்னீங்களே, அதப் பாத்துச் சிரிச்சேன்."

"நாலு வருஷமா சொல்லலியே நீ?"

"வருஷா வருஷம் எனக்காகக் கால்வாயில இறங்கினீங்க. எப்படிங்க சொல்றது?"

அவன் சிவந்த விரல்களைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள் ஒய்தின்.

"காலையில தலைவர்கிட்ட நீங்கதான் செடிய விட்டதுன்னு சொல்லிடுங்க. திட்டுவாரு. நானும் கூட வந்து நிக்கிறேன்."